ஒரு எஞ்சினையாவது முழுசாகச் செய்து பாருங்கள்

கோவைப் பட்டறைகளில் லேத்திலும் சிஎன்சியிலும் நிற்கும் தம்பி தங்கையருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பீளமேட்டிலும் ஜாப்வொர்க் பட்டறைகளில் ஷிப்ட் பார்க்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். நானும் முப்பத்தெட்டு வருஷம் லேத்தின் முன்னால் நின்றவன்தான். நாலு வருஷத்துக்கு முன் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். வீட்டுக்குப் பின்னால், முன்பு மாடு கட்டியிருந்த சாளையில், ஒரு பழைய நாலரை அடி லேத்தும் ஒரு பெஞ்ச் டிரில்லும் போட்டிருக்கிறேன்.

போன மாதம் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு தம்பி போரிங் டூல் ஒன்றைச் சாணை பிடிக்க வந்தான். சட்டைப் பையில் ஒரு பீஸ் வைத்திருந்தான். வாங்கிப் பார்த்தேன். உள்ளே இரண்டு படி, வெளியே ஒரு காடி, கண்ணாடி மாதிரி ஃபினிஷ். அருமையான வேலை. "இது எதுக்குப் போகுது?" என்று கேட்டேன்.

"தெரியலீங்கண்ணா. டிராயிங்ல பார்ட் நம்பர்தான் இருக்கு."

"எத்தனை நாளா ஓட்டற?"

"ஆறு மாசமாச்சுங்க."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனைக் குறைசொல்ல எனக்கு வாய் ஏது? நானும் அப்படித்தான் இருந்தேன். என் கையால் கடைந்த புஷ் எந்தக் கிணற்றுப் பம்புக்குள் சுற்றியது, எத்தனை வருஷம் உழைத்தது, எப்போது தேய்ந்தது என்று ஒன்றுகூடத் தெரியாமலே முப்பத்தெட்டு வருஷம் போயிற்று. கேஜ் உள்ளே போனால் சரி, போகாவிட்டால் ரிஜெக்ட். நம் வேலைக்கு வந்த தீர்ப்பெல்லாம் அவ்வளவுதான்.

அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, கிராங்க் ஷாஃப்டிலிருந்து ஸ்பார்க் வரைக்கும், உள்ளங்கையில் தூக்கி வைக்கக்கூடிய ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சினை நீங்களே முழுசாகச் செய்து ஓட்டிப் பாருங்கள். உங்கள் கைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை அது மாதிரிச் சொல்கிற சாமான் வேறெதுவும் கிடையாது. செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இது பெரிய ஆலையும் பெரிய படிப்பும் இருந்தால்தான் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினை 1876இல் ஓட்டிக்காட்டிய நிகோலாஸ் ஓட்டோ, மளிகைச் சரக்குக்கு ஆர்டர் பிடித்து ஊர் ஊராக அலைந்தவர். டெட்ராய்ட்டில் 1893ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி ஹென்றி ஃபோர்டு தன் முதல் பெட்ரோல் எஞ்சினைச் சமையலறைத் தொட்டியின் விளிம்பில் கட்டிவைத்து ஓட்டினார். சிலிண்டர் ஒரு அங்குல கேஸ் பைப்; ஃபிளைவீல் ஒரு பழைய லேத்திலிருந்து கழற்றிய கைச்சக்கரம். ஸ்பார்க்குக்கு வீட்டு மின்சாரத்திலிருந்தே ஒயர் இழுத்திருந்தார். கார்புரேட்டர் என்று ஒன்று இல்லை. அவர் மனைவி கிளாரா பக்கத்தில் நின்று பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அடுத்த அறையில் ஏழு வாரக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த இரண்டரை வருஷத்தில், 1896 ஜூனில், அந்த மனிதர் நாலு சைக்கிள் சக்கரத்தில் ஒரு வண்டியையே ஓட்டிவிட்டார். அந்தச் சமையலறை எஞ்சினில் கற்றதுதான் அந்த வண்டிக்குள் போயிருக்கிறது என்பது, ஒரு எஞ்சின் செய்தவனுக்கு யாரும் சொல்லாமலே புரியும்.

நம் ஊர்க்காரர் ஒருவரும் அதே 1893இல் கலங்கலில் பிறந்தார். ஜி.டி. நாயுடு. ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் போனதைச் சின்ன வயதில் பார்த்து, கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்தது, அதை அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டியது. அந்த வண்டியை அவர் ஏறிச் சுற்றுவதற்கு மட்டும் வாங்கியிருந்தால் இந்த ஊரின் கதை கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

வீட்டுப் பட்டறையில் சின்ன எஞ்சின் செய்வதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 1898இல் பெர்சிவல் மார்ஷல் தொடங்கிய 'மாடல் இன்ஜினியர்' இதழில் எட்கர் வெஸ்ட்பரி என்பவர் பல வருஷம் எஞ்சின் எஞ்சினாக வரைந்து எழுதினார். நாலு சிலிண்டர், மொத்தமே 15 சி.சி. கொண்ட 'சீல்' என்ற அவருடைய எஞ்சினை இன்றைக்கும் ஆட்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். அங்கே இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு ராத்திரி ஷெட்டுக்குள் வந்து லேத் பழகியவர்கள். உங்களுக்கோ லேத் கையோடு பிறந்த மாதிரி. அவர்கள் இரண்டு வருஷம் பழகி அடைகிற இடத்தில்தான் நீங்கள் தொடங்கவே போகிறீர்கள்.

ஆனால் ஒரு விஷயம் உங்களை ஏமாற்றும். என்னையும் ஏமாற்றியது. பெரிய எஞ்சினை அப்படியே பாதியாக்கினால் சின்ன எஞ்சின் வந்துவிடும் என்று தோன்றும். வராது. நீளத்தைப் பாதியாக்கினால் பரப்பு கால்வாசியாகும், கொள்ளளவு அரைக்கால் வாசியாகும். அதாவது எரிகிற கலவை எட்டில் ஒன்றாகக் குறைகிறது, சூட்டை உறிஞ்சுகிற சுவரோ நாலில் ஒன்றாகத்தான் குறைகிறது. வெடித்த சூடு வேலை செய்வதற்குள் சுவர் தின்றுவிடும். ஒழுக்கும் அப்படித்தான். நூறில் இரண்டு மில்லிமீட்டர் சந்து ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குப் பொருட்டே இல்லை. சின்ன எஞ்சினுக்கு அது கதவைத் திறந்து போட்ட மாதிரி. காற்றும் பெட்ரோலும் நம்முடைய ஸ்கேலுக்குத் தகுந்தாற்போல் சின்னதாகிக்கொள்ளாது.

நான் செய்தது கிடைமட்ட எஞ்சின். 24 மி.மீ. போர், 28 மி.மீ. ஸ்ட்ரோக். கணக்குப் போட்டால் 12.67 சி.சி. சிலிண்டருக்கு மேலே சின்னத் தண்ணீர்த் தொட்டி, இரண்டு பக்கமும் 100 மி.மீ. ஃபிளைவீல். சின்ன வயதில் தோட்டத்து ஆயில் எஞ்சினைப் பார்த்தவர்களுக்கு உருவம் கண்ணில் வரும். கம்ப்ரஷன் ஐந்துக்கு ஒன்று வைத்தேன். அப்படியானால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்க வேண்டிய இடம் 3.17 சி.சி. இதை எப்படி அளப்பது? நர்ஸ் வேலை பார்க்கும் என் மகள் ஒரு ஊசி சிரிஞ்சில் எண்ணெய் எடுத்து, பிளக் துளை வழியாக மெதுவாக விட்டு, "மூணே காலுக்குக் கொஞ்சம் உள்ளேப்பா" என்றாள். எங்கள் வீட்டில் அன்றைக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

கிராங்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இ.என்.8 தடியில் ஒரே துண்டாக எடுத்தேன். 14 மி.மீ. தள்ளி இரண்டாவது சென்டர் போட்டுப் பின்னைக் கடைய வேண்டும். முதலில் எல்லாப் பக்கமும் ஒரு மில்லி மீதிவைத்து ரஃப் எடுத்துவிட்டு, இரண்டு நாள் சும்மா போட்டுவிடுங்கள். உள்ளே இருக்கிற இறுக்கம் தளர்ந்து அது கோணுகிற அளவுக்குக் கோணிக்கொள்ளட்டும். மெயின் ஜர்னலைக் கடையும்போது இரண்டு வெப்புக்கும் நடுவே ஒரு கட்டையை இறுக்கமாகச் செருகிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சென்டர் அழுத்தத்திலேயே வளையும். கேமுக்குப் பாதி வேகம் வேண்டுமே, அதற்கு 20 பல், 40 பல் கியர் இரண்டு. ஒரு மாட்யூல் என்றால் 22, 42 மி.மீ. விட்டம், சென்டர் தூரம் 30. இதெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ரிங்குதான் எனக்குப் பாடம் சொன்னது.

ஃபவுண்டரியில் வாங்கிய 40 மி.மீ. வார்ப்பிரும்புத் தடியில், வெளிவிட்டம் சரியாகச் சிலிண்டர் போருக்கு, சுவர் ஒரு மில்லி, அகலம் ஒரு மில்லி. அறுத்து எடுத்தால் கம்மல் மாதிரி இருக்கும். அதை ஒரு இடத்தில் பிளக்க வேண்டும். ரம்பம் போட்டால் அந்த அகலம் வீண். கூரான இரண்டு விளிம்புக்கு நடுவில் வைத்து நெருக்கினால் 'டக்' என்று சுத்தமாக உடையும். அப்புறம் வாயைத் திறந்தபடி நிறுத்த ஒரு ஃபிக்சர். நான் 3.5 மி.மீ. இடைவெளி கொடுத்தேன். அதோடு இறுக்கிக் கட்டி, மங்கின சிவப்பு வரும்வரை காய்ச்சி, தானாக ஆறவிட்டால், ரிங் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடும். அதற்கப்புறம் சிலிண்டருக்குள் நுழைத்தால் சுற்றிலும் ஒரே சீராக அழுத்தும். சாதா டர்னிங்கில் ஒரு பக்கம் அழுத்தி ஒரு பக்கம் தளரும் ரிங்தான் கிடைக்கும். காய்ச்சி வடிவம் நிறுத்தும் இந்த முறையை உலகம் முழுக்க எஞ்சின் செய்கிறவர்கள் பின்பற்றுகிறார்கள்.

ரிங் தேறியதா என்று பார்க்க மைக்ரோமீட்டர் உதவாது. சிலிண்டருக்குள் ரிங்கைத் தள்ளி, பிஸ்டனால் நேராக்கி, பின்னால் ஒரு டார்ச்சை வைத்து, விளக்கை அணைத்துவிட்டு எதிர்ப்பக்கமிருந்து பாருங்கள். ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே எங்காவது வெளிச்சம் ஒரு நூல் மாதிரி தெரிந்தாலும் அது ஆகாது. வாயில் மட்டும் ஒரு புள்ளி தெரியலாம். அது நூறில் பத்துக்கு மேல் போகக்கூடாது. நான் செய்த முதல் ஆறு ரிங்கிலும் பிறை பிறையாக வெளிச்சம். சிலிண்டரே வட்டமாக இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று ஜா சக்கில் மெல்லிய சுவரை இறுக்கிப் போர் எடுத்தால், கழற்றியதும் அது மூன்று பக்கம் புடைத்து நிற்கும். இது எனக்குத் தெரியாத விஷயமா? ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நூறில் ஒன்றரை மில்லி கோணல் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்தது அந்த இருட்டில்தான். அலுமினியத்தில் லேப் செய்து, பேஸ்ட் தடவி, மூன்று சாயங்காலம் கையால் இழுத்துச் சிலிண்டரைச் சரிசெய்தேன். பதினொன்றாவது ரிங் வெளிச்சம் விடவில்லை.

பிஸ்டன் அலுமினியம். சூட்டில் அது வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு விரிகிறது. 24 மி.மீ. பிஸ்டன் 150 டிகிரி சூடேறினால் நூறில் எட்டு மில்லி பெருக்கும். தண்ணீர் சூழ்ந்த சிலிண்டர் அதில் பாதிகூடப் பெருக்காது. அந்த வித்தியாசத்தைப் பிஸ்டனின் தலையில் விட்டுவைக்காவிட்டால் ஓடின இரண்டாவது நிமிஷம் கவ்விக்கொள்ளும். டிராயிங்கில் போட்டிருக்கிற கிளியரன்ஸ் எதற்கு என்று நாம் கேட்டதே இல்லை, இல்லையா? ஒரு பிஸ்டனை நீங்களே கடைந்துவிட்டால் அப்புறம் எந்த டாலரன்ஸும் வெறும் எண்ணாகத் தெரியாது.

இனி என் தவறைச் சொல்கிறேன். நீங்கள் அதே குழியில் விழ வேண்டாம்.

எல்லாம் பூட்டி முடித்து எஞ்சின் மூன்று மாதம் ஓடவில்லை. பிளக் துளையில் விரல் வைத்தால் காற்று தள்ளுகிறது. ஸ்பார்க் நீலமாக, சத்தமாக வருகிறது. பெட்ரோல் போகிறது. ஆனால் வெடிக்கவில்லை. எப்போதாவது ஒரு 'புஸ்'. காயிலை மாற்றினேன், கண்டென்சரை மாற்றினேன். கார்புரேட்டர் ஊசி சரியில்லை என்று தையல் ஊசியைப் பித்தளைத் திருகில் பற்றவைத்துப் புதிதாகச் செய்தேன். பெட்ரோல் பழசு என்று பங்குக்குப் போனேன். நாலு ஞாயிற்றுக்கிழமை ஃபிளைவீலைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றுபோனது. ஒரு நாள் காபி கொண்டுவந்த என் வீட்டுக்காரி சொன்னாள்: "ஏனுங்க, ஒரு ஒரு சாமானா மாத்தறீங்களே, காத்து எங்க போகுதுன்னு பார்த்தீங்களா?" கிளாராவின் இடத்தில் நின்றவள் கேட்ட கேள்வி அது.

தலையைக் கழற்றி, வால்வு இரண்டையும் மூடிவைத்து, தலைகீழாகப் பிடித்துப் போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினேன். உள்வாங்கும் வால்வு பக்கம் சொட்டுக்கூட இறங்கவில்லை. எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி அரை நிமிஷத்தில் பாதி வட்டம் ஈரமானது. அந்தப் பாதி வட்டம்தான் மூன்று மாதம்.

காரணம் இது. வால்வு கைடின் துளையை ஒரு செட்டிங்கில் போட்டுவிட்டு, பீஸைக் கழற்றி மறுபடி பிடித்துச் சீட்டை வெட்டியிருந்தேன். டயல் வைத்துப் பார்த்தபோது நூறில் நாலு மில்லி விலகல். வால்வு தண்டு ஒரு பக்கம் போகச் சொல்கிறது, சீட் ஒரு பக்கம் உட்காரச் சொல்கிறது. பேஸ்ட் போட்டுத் தேய்த்துச் சரிக்கட்டலாம் என்று நான் முதலில் செய்தது இன்னும் கெடுத்தது; தேய்க்கத் தேய்க்கச் சீட் அகலமாகிக்கொண்டே போகும், அகலமான சீட் இறுக்கமாக மூடாது.

சில்வர் ஸ்டீலில் 45 டிகிரிக்கு ஒரு சின்ன கட்டர் செய்தேன். அதன் நடுவிலேயே கைடுக்குள் வழுக்கிப் போகிற ஒரு பைலட். கட்டரைக் கடினப்படுத்தி, விரலால் மட்டும் பிடித்து மூன்று சுற்று. இப்போது சீட் கைடைத்தான் கேட்கும். என் சக்கைக் கேட்காது. அகலம் நூறில் நாற்பது மில்லி, வெறும் கண்ணுக்கு ஒரு வெள்ளிக் கோடு. அதன்மேல் மிக நைஸான பேஸ்டில் இருபது திருப்பு, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. சாயங்காலம் ஊற்றிய மண்ணெண்ணெய் மறுநாள் காலையில் போர்ட்டில் அப்படியே நின்றது. தலையைப் பூட்டி ஃபிளைவீலைக் கையால் தள்ளினேன். பாதி தூரம் போய், அது என் கையை உதறிவிட்டு எகிறித் திரும்பியது. கம்ப்ரஷன் இருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சின் ஓடியது. அதன் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது ஹிட் அண்ட் மிஸ் வகை. உள்வாங்கும் வால்வுக்குக் கேம் கிடையாது; பிஸ்டன் இறங்கும்போது உறிஞ்சுகிற இழுப்பிலேயே அது திறக்க வேண்டும். அதனால் ஸ்பிரிங் மிக மெல்லியதாக வேண்டும். நான் கிட்டாரின் முதல் தந்தி வாங்கிவந்து சுற்றினேன். வேகம் கூடியதும் ஃபிளைவீலில் இருக்கிற குண்டு விரிந்து ஒரு கொக்கியைத் தள்ளும். அந்தக் கொக்கி எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். அப்புறம் உறிஞ்சுகிற இழுப்பு இல்லை, பெட்ரோல் இல்லை, வெடிப்பு இல்லை. சக்கரம் தன் பாரத்திலேயே ஓடும். வேகம் குறைந்ததும் கொக்கி விடும், ஒரு வெடிப்பு. டப்... ஸ்ஸ், ஸ்ஸ், ஸ்ஸ், ஸ்ஸ்... டப். கால் மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் ஆவி விடத் தொடங்கியது. ஒரு வெடிப்புக்கு வேண்டிய பெட்ரோல் ஒரு மில்லிகிராம் அளவுதான். ஒரு சொட்டு விட்டால் பத்து வெடிப்புக்குக் காணும். என் வீட்டுக்காரி தொட்டியைத் தொட்டுப் பார்த்து, "சுடுதுங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள்.

தம்பிகளே, நீங்கள் செய்ய நினைத்தால் என் மாதிரியே கிடைமட்ட ஹிட் அண்ட் மிஸ்ஸிலிருந்து தொடங்குங்கள். ஒரே கேம், வேகம் குறைவு, எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கும். ஆகாய விமான மாடலுக்குப் போடுகிற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் பார்க்க எளிது. பாகமும் குறைவு. ஆனால் அதில் ரிங் இல்லாமல் பிஸ்டனையும் சிலிண்டரையும் லேப் செய்தே அடைப்புக் கொண்டுவர வேண்டியிருக்கும். முதல் எஞ்சினுக்கு அது வேண்டாம். போர் 20 மில்லிக்குக் கீழே போகாதீர்கள். ஸ்பார்க் பிளக்குக்கு அலைய வேண்டாம். புல் வெட்டும் மெஷின் ரிப்பேர் கடையில் 10 மில்லி திரெட் பிளக் கிடைக்கிறது. வால்வுக்குப் பழைய மோட்டார் சைக்கிள் வால்வின் தண்டு போதும். நுனி மட்டும் கல்லாக இருக்கும், அதை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கடையுங்கள். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஒரு காலை நேரம் சுற்றினால் பாதி எஞ்சின் பையில் வந்துவிடும். எனக்கு மொத்தச் செலவு ஆறாயிரத்துக்குள்தான் ஆனது. ஒன்றரை வருஷம் ஆனது.

சிஎன்சியில் செய்யலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். கியரும் கேமும் அதில் அருமையாக வரும். ஆனால் ரிங்கும் சிலிண்டரும் வால்வுச் சீட்டும் உங்கள் விரலுக்கு வர வேண்டும். புரோகிராம் போட்டவனுக்கு அந்த இருபது திருப்பு தெரியாது. இருபத்தொன்றாவது திருப்பில் கெட்டது எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், இதில் சமாதானமே கிடையாது. பெட்ரோலை மருந்துக் குப்பி அளவுக்கு மேல் மேஜையில் வைக்காதீர்கள். பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும். மூடின அறையில் எஞ்சினை ஓட்டாதீர்கள். அதன் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. இந்தப் பொடி ஃபிளைவீல் என்ன செய்யும் என்று நினைத்துத் துப்பட்டாவோடும் வேட்டி நுனியோடும் பக்கத்தில் போகாதீர்கள். நம் தொழிலில் விரல் போனவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஷிப்ட் முடிந்த அலுப்போடு மெஷினில் நிற்கவே நிற்காதீர்கள். அன்றைக்கு டிராயிங் பாருங்கள், அல்லது போய்த் தூங்குங்கள்.

பட்டறை முதலாளிகளே, இந்த மடல் உங்கள் கண்ணிலும் படும் என்று தெரியும். உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பழைய லேத் ஒன்றை உங்கள் பையன்களுக்குக் கொடுங்கள். கழிவில் போகிற தடித் துண்டுகளை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கரண்டு பில் கொஞ்சம் கூடும். ஆனால் ஒரு வால்வுச் சீட்டைத் தானே ஒழுகாமல் மூடியவன், உங்கள் பட்டறையில் டிராயிங் தப்பாக வந்தால் ஆயிரம் பீஸ் ஓட்டின பிறகு சொல்ல மாட்டான். முதல் பீஸிலேயே கேட்பான். பாலிடெக்னிக் முடித்து வருகிற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். கடைசி வருஷ ப்ராஜெக்டைப் பணம் கொடுத்து ரெடிமேடாக வாங்கி, சான்றிதழோடு வெளியே வந்த பிள்ளைகள் என்னிடம் வேலை பழக வந்திருக்கிறார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். அவர்களுடைய முதல் எஞ்சினை அவர்களே செய்கிற வாய்ப்பை யாரோ இருபதாயிரம் ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நேரம் எங்கே இருக்கிறது என்கிறீர்கள். தெரியும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஓவர்டைம், வீட்டு வாடகை, வண்டித் தவணை. நான் ஓய்வில் இருந்து செய்தேன். உங்களுக்கு மூன்று வருஷம் ஆகலாம். ஆகட்டும். வாரத்துக்கு ஒரு பாகம்கூட வேண்டாம், மாதத்துக்கு ஒன்று செய்யுங்கள். இந்த வகை எஞ்சினில் திருகுகளை விட்டுவிட்டால் ஐம்பது அறுபது பாகம் இருக்கும். தனியாகவும் செய்ய வேண்டாம். மூன்று பேர் சேருங்கள். ஒருவன் கிராங்க், ஒருத்தி கியர், ஒருவன் தலை. ஆனால் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு ரிங் கட்டாயம் செய்ய வேண்டும். அதை மட்டும் பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள்.

டூல் சாணை பிடிக்க வந்த அந்தத் தம்பி இப்போது ஞாயிற்றுக்கிழமை வருகிறான். கிராங்க் ரஃப் எடுத்து வைத்திருக்கிறான். அடுத்த வாரம் ஃபினிஷ். பக்கத்துப் பட்டறையில் சிஎன்சி ஓட்டுகிற ஒரு தங்கையும் கேட்டிருக்கிறாள்.

என்னிடம் 24 மில்லி ரீமர், ரிங் காய்ச்சும் ஃபிக்சர், பைலட் வைத்த சீட் கட்டர், 40 பல் பிரிக்கிற டிவைடிங் தட்டு எல்லாம் இருக்கின்றன. இரவல் தருகிறேன். என் டிராயிங்கையும், அதில் நான் செய்த தப்புகளைச் சிவப்பு மையில் குறித்தபடியே தருகிறேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சாளை திறந்திருக்கும். வரும்போது ஒரு டார்ச் மட்டும் எடுத்துவாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு பழைய டர்னர்,
கணபதி, கோவை